இரண்டு டேப்லெட், ஒரு குழந்தை: மேலூர்ப் பக்கத்து வீடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மேலூருக்கும் கொட்டாம்பட்டிக்கும் இடையில் ஒரு கிராமம். டேப்லெட் வாங்கிய 2024-ல் குழந்தைக்கு வயது நாலே முக்கால், யூ.கே.ஜி. போய்க்கொண்டிருந்தாள். அம்மாவுக்கு நூல் மில்லில் ஷிப்ட் வேலை, அப்பா குட்டியானை என்கிற சிறு சரக்கு வண்டி ஓட்டுகிறார். பள்ளி விட்டு வந்ததிலிருந்து இரவு வரை அவள் அப்பத்தாவின் பொறுப்பு. அப்பாவின் பழைய போனை வாங்கிக்கொண்டு கட்டிலில் குப்புறப் படுத்துவிடுவது பழக்கமாகிப் போனதால், அதற்குப் பதிலாக "படிக்கிற டேப்" ஒன்று வாங்கிவிடலாம் என்று 2024 கோடை விடுமுறையில் பெற்றோர் முடிவு செய்தார்கள். மதுரையில் ஒரு கடையில் 4,800 ரூபாய்க்கு ஒன்று வாங்கினார்கள். ஒரு மாதம்கூட ஆகவில்லை, அது அலமாரிக்குப் போய்விட்டது. அடுத்து எங்களிடம் ஆலோசனை கேட்டு வாங்கியது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. முதலாவது ஏன் தோற்றது, இரண்டாவதை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள், வாங்கிய பிறகும் எங்கெங்கே இடறியது என்பதே இந்த ஆய்வு. குடும்பத்தை அடையாளம் காட்டும் விவரங்களைத் தவிர்த்திருக்கிறோம்.

முதல் டேப்லெட்

மஞ்சள் நிற ரப்பர் உறை, பின்னால் கைப்பிடி, பெட்டியின் மேல் கரடிப் படம். "அண்ணே, பிள்ளைகளுக்குன்னே வந்த செட்டு. எட்டு ஜி.பி. ரேமு, நூத்தி இருவத்தெட்டு மெமரி. கீழ போட்டாலும் ஒடையாது" என்று சொல்லி அப்பாவின் தலையில் கட்டிவிட்டார்கள். பில் கிடையாது. கேட்டதற்கு, பில் போட்டால் வரியோடு விலை கூடும் என்று பதில்.

வீட்டில் சொன்ன குறைகள் நான்கு: தொட்டால் நகரமாட்டேன் என்கிறது, சார்ஜில் இருக்கும்போது தானாகவே ஏதேதோ திறக்கிறது, எந்த விளையாட்டைத் திறந்தாலும் இடையில் சூதாட்ட விளம்பரம் வருகிறது, பிள்ளை மூக்கை ஒட்டி வைத்துப் பார்க்கிறாள். நான்குக்கும் காரணம் வேறு வேறு. ஒவ்வொன்றாகப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் இதே குறைகளைச் சொல்லித்தான் பல வீடுகளில் இரண்டாவது முறையும் தவறான பொருளை வாங்குகிறார்கள்.

செட்டிங்ஸில் "ஆண்ட்ராய்டு 12, 8 ஜி.பி., 128 ஜி.பி." என்றுதான் இருந்தது. அந்த எழுத்தை நம்ப முடியாது. மென்பொருளைத் திருத்தி எந்த எண்ணை வேண்டுமானாலும் அங்கே எழுதி வைக்கலாம். ஆனால் "டேப்லெட் பற்றி" பக்கத்தில் கெர்னல் (ஆண்ட்ராய்டின் அடித்தள மென்பொருள்) பதிப்பு என்று ஒரு வரி இருக்கும், அதைத் திருத்த மறந்திருந்தார்கள். அது 3.18 என்று காட்டியது. ஆண்ட்ராய்டு 7, 8 காலத்துச் சரக்கு.

சேமிப்பிடத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஏறத்தாழ 1 ஜி.பி. அளவுள்ள வீடியோ ஒன்றை உள்ளே நகலெடுத்து, அதையே வேறு வேறு பெயரில் மீண்டும் மீண்டும் நகலெடுக்க வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் திறந்து, நடுவில் ஓட்டிப் பார்க்க வேண்டும். இந்தக் கருவியில் பதினொன்று வரை ஒழுங்காக ஓடின. பன்னிரண்டாவதிலிருந்து பெயர் இருந்தது, அளவு காட்டியது, திறந்தால் கறுப்புத் திரை. உள்ளே இருந்தது 16 ஜி.பி. சில்லு, அதில் ஆண்ட்ராய்டுக்குப் போக மிச்சம்தான் அந்தப் பதினொன்று. இடம் நிரம்பிவிட்டால் இந்த வகைச் சேமிப்புச் சில்லு மிகவும் மெதுவாகிவிடும். "தொட்டால் நகரமாட்டேன்" என்பதில் பாதிக் காரணம் இதுதான்.

மீதிப் பாதி விரலில் இருந்தது. பெரியவர்கள் ஒரு கையால் விளிம்பைப் பிடித்து, மறு கையின் ஒரு விரலால் தொடுவார்கள். சிறுபிள்ளை இரண்டு கையாலும் அணைத்துப் பிடிக்கும். இடது கட்டைவிரல் திரையின் ஓரத்திலேயே கிடக்கும். கருவி அதையும் ஒரு தொடுதலாக எண்ணிக்கொள்கிறது. வலது விரலால் தட்டினால் "இரண்டு விரல், படத்தைப் பெரிதாக்கு" என்று புரிந்துகொள்கிறது, அல்லது சும்மா இருக்கிறது. பிள்ளை மறுபடி குத்துகிறது, பிறகு அறைகிறது. வீட்டில் "டச் போச்சு" என்கிறார்கள். திரையைச் சுற்றிக் கறுப்பு விளிம்பு ஒரு செ.மீ. அகலத்துக்காவது இருக்க வேண்டும். இல்லையென்றால் உறையின் விளிம்பு மேலெழுந்து விரலைத் தள்ளி நிறுத்த வேண்டும். விளிம்பே தெரியாத மெல்லிய வடிவம் பெரியவர்களுக்கு அழகு, பிள்ளைக்குத் தொல்லை.

சார்ஜில் இருக்கும்போது தானாகத் திறந்ததற்குக் காரணம் கூடவே கொடுத்த சார்ஜர். மின்சாரத்தை ஒழுங்காக வடிகட்டாத அடாப்டர் அனுப்பும் இரைச்சலைத் தொடுதிரை விரல் என்று எடுத்துக்கொள்ளும். நல்ல சார்ஜரில் போட்டதும் அந்தத் தொல்லை நின்றது. அந்த அடாப்டரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.ஸின் முத்திரையும் இல்லை, ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும் இல்லை. டேப்லெட், அடாப்டர் இரண்டுமே கட்டாயப் பதிவுப் பட்டியலில் இருப்பவை. கடையிலேயே பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் யார் தயாரித்தது, எந்த பிராண்ட் என்று வந்துவிடும். பெட்டியில் ஒரு எண் அச்சிட்டிருந்தார்கள். செயலியில் அப்படி ஒரு பதிவே இல்லை.

சிம் போடும் டேப்லெட் என்பதால் ஐ.எம்.இ.ஐ. என்ற அடையாள எண்ணையும் சோதிக்கலாம். *#06# அழுத்தினால் 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் கே, ஒய், எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு அந்த எண். இதை 14422-க்கு எஸ்.எம்.எஸ். அனுப்ப வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளத்திலும் பார்க்கலாம். இங்கே பெட்டியில் ஒரு எண், உள்ளே வேறொரு எண். இந்தச் சோதனைக்கு ஒரு நிமிடம் போதும். பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியது.

விளம்பரம்தான் எல்லாவற்றையும்விட மோசம். பிளே ஸ்டோரில் மேலே உள்ள படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ், அபவுட் என்று போனால் கருவி கூகுளின் சான்று பெற்றதா என்று ஒரு வரி இருக்கும். இங்கே சான்று இல்லை. இப்படிப்பட்ட மலிவுக் கருவிகளில் தயாரிப்பின்போதே தீநிரல் (மால்வேர்) உள்ளே போய்விடுவது நடக்கிற காரியம். அமெரிக்காவில் இணைய உரிமைகளுக்காக இயங்கும் இ.எஃப்.எஃப். அமைப்பு 2023-ல் பிள்ளைகளுக்கென்று விற்ற மலிவு டேப்லெட் ஒன்றைச் சோதித்து, அப்படிப்பட்ட தடயங்கள் இருந்ததை வெளியிட்டது. 2025 ஜூனில் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., பேட்பாக்ஸ் 2.0 என்ற பெயரில் மலிவு ஆண்ட்ராய்டு கருவிகள் வழியாக வீட்டு இணையத்துக்குள் நுழையும் கும்பலைப் பற்றி எச்சரித்தது. கரடிப் படம் போட்ட பெட்டிக்குள் இருப்பதாலேயே ஒரு கருவி குழந்தைக்கானதாகிவிடாது. கணக்கு, கேமரா, மைக் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. இதைக் குழந்தையிடம் கொடுக்கவே கூடாது என்பதுதான் எங்கள் முடிவு; பழுது பார்த்துப் பயன்படுத்தும் பேச்சுக்கே இடமில்லை.

பில் இல்லாததால் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார். பில் இருந்திருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் தொடங்கியிருக்கலாம்; மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய்க்குட்பட்ட வழக்குக்குக் கட்டணமும் கிடையாது. வரிப் பணம் மிச்சம் என்று நினைத்தது இப்படித்தான் முடிந்தது.

நான்காவது குறை: மூக்கை ஒட்டிப் பார்ப்பது

இதைக் கேட்டதும் கண் பரிசோதனையை முதலில் முடிக்கச் சொன்னோம். குழந்தை எதையுமே கிட்டத்தில் வைத்துப் பார்த்தால் கோளாறு கண்ணில் இருக்கலாம், கருவியை மாற்றி என்ன பயன்? மதுரையில் இதற்கு அலைய வேண்டியதில்லை. அண்ணா நகர் அரவிந்த் கண் மருத்துவமனையில் குழந்தைகளுக்கென்றே தனிப் பிரிவு இருக்கிறது. பார்வை சரியாக இருந்தது, கண்ணாடி தேவைப்படவில்லை.

அப்படியானால் திரைதான் காரணம். அது 7 அங்குலம், 1024 × 600 புள்ளி, அகலம் சுமார் 15 செ.மீ. கதைப் புத்தகப் பக்கம் ஒன்றை முழுதாகத் திரையில் வைத்துப் பார்த்தோம். ஆங்கில எழுத்து ஓரளவு தெரிந்தது. தமிழ் எழுத்தில்தான் சிக்கல். "பட்டம்" என்ற சொல்லில் ட் மேலிருக்கும் புள்ளி மறைந்து, "படடம்" என்று நின்றது. "கி"யும் "கீ"யும் ஒன்றுபோல் தெரிந்தன. மேலே சுழிகிற சின்ன வளைவுதான் இரண்டுக்கும் வித்தியாசம், அது இரண்டு மூன்று திரைப்புள்ளிக்குள் அடங்கிவிட்டது. ன, ண இரண்டையும் சுழி எண்ணிப் பிரித்தறியப் பழகும் வயதில், சுழியே கலங்கித் தெரிந்தால் பிள்ளை கிட்டே கொண்டுபோகாமல் என்ன செய்யும்? ஆங்கிலம் மட்டும் படிக்கிற பிள்ளைக்குச் சரியாக இருக்கும் திரை, தமிழ் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்குப் போதாமல் போகலாம். டேப்லெட் விமர்சனங்களில் இதை யாரும் சொல்வதில்லை. கடையில் கருவியைக் கையில் வாங்கியதும் வீடியோவைப் போட்டுப் பார்க்காமல், பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் ஒரு தமிழ்க் கதையைத் திறந்து, அரை மீட்டர் தள்ளி நின்று புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள்.

வாங்கத்தான் வேண்டுமா

உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 2 முதல் 4 வயதுக்குத் திரைநேரம் நாளுக்கு ஒரு மணிக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. இந்தியக் குழந்தை மருத்துவக் கழகமும் 2 முதல் 5 வயதுக்குப் பெரியவர் கண்காணிப்பில் ஒரு மணி, 5 முதல் 10 வயதுக்கு இரண்டு மணிக்குள் என்கிறது. இரண்டு வயதுக்குள் கூடவே கூடாது. வெளியூரில் இருக்கும் சொந்தங்களோடு வீடியோவில் பேசுவது மட்டும் விலக்கு. இரண்டு வயதுப் பிள்ளைக்கு டேப்லெட் கேட்டிருந்தால் இந்த ஆய்வு இந்த இடத்திலேயே முடிந்திருக்கும்.

இந்த வீட்டில் வாங்கலாம் என்று சொன்னதற்கு ஒரே காரணம், போன் ஏற்கெனவே குழந்தையின் கையில் இருந்தது. பூட்டு எதுவும் இல்லாத, வங்கிச் செயலியும் யூ.பி.ஐ.யும் உள்ள, ஐந்தரை அங்குலப் பழைய போனைவிடப் பூட்டிய டேப்லெட் மேல். போன் பழக்கமே இல்லாத வீட்டில், இரண்டாவது டேப்லெட்டுக்கு ஆன 13,000 ரூபாய்க்குப் படப் புத்தகங்களும் களிமண்ணும் வாங்கச் சொல்லியிருப்போம். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகள் பகுதி அருமையாக இருக்கிறது. மேலூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு விடுமுறை நாளுக்குப் போதும்.

இரண்டாவது தேர்வு

செலவு எல்லாம் சேர்த்து 15,000-க்குள் என்பது வீட்டின் வரம்பு. மூன்று வகையைப் பார்த்தோம்.

ஐபேட் பிள்ளைகளுக்கு மிக நல்ல கருவி, அதில் இரண்டு கருத்து இல்லை. கைடட் ஆக்சஸ் என்ற வசதியில், பொத்தானை மூன்று முறை அழுத்தினால் ஒரே செயலிக்குள் பூட்டிவிடலாம். திரையில் எந்த மூலை தொடுதலை ஏற்கக் கூடாது என்று விரலால் வட்டம் போட்டு அடைத்துவிடவும் முடியும். ஆனால் பத்தாம் தலைமுறை ஐபேட் அந்த மே மாதம் விலை குறைத்த பிறகும் 34,900 ரூபாய். கைமாறிய ஐபேட் அப்போது 15,000-க்குக் கிடைத்தது. பேட்டரி எத்தனை வயது, பழைய உரிமையாளரின் ஆப்பிள் கணக்கு நீங்கியிருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவர் கூட வராமல் அதில் இறங்க வேண்டாம். அந்தக் கணக்குப் பூட்டு நீங்காமல் வாங்கினால் கையில் இருப்பது வெறும் கண்ணாடிப் பலகை.

11 அங்குலக் கருவி தமிழ் எழுத்துக்கு நன்றாக இருக்கும். கேலக்ஸி டேப் ஏ9 பிளஸ் 480 கிராம். பிள்ளைகளுக்கான தடித்த உறை சேர்த்தால் முக்கால் கிலோவை நெருங்கும். மேசையில் நிறுத்தி மட்டும் பயன்படுத்துவதென்றால் சரி. இந்தக் குழந்தை எடுத்துக்கொண்டு ஓடும் என்று அப்பத்தா சொன்னார். அப்போது விலையும் 20,999.

எட்டு, ஒன்பது அங்குலத்தில் அப்போது கடைகளில் கிடைத்தவற்றில் லெனோவோ டேப் எம்9 (9 அங்குலம், 344 கிராம்), சாம்சங் கேலக்ஸி டேப் ஏ9 (8.7 அங்குலம், 332 கிராம்) இரண்டும் பொருந்தின. திரைப்புள்ளி இரண்டிலும் 1340 × 800. 8.7 அங்குலத் திரையின் அகலம் 19 செ.மீ.; முதல் கருவியைவிட 4 செ.மீ. கூடுதல். அந்த 4 செ.மீ.யில் ட் மேல் புள்ளி திரும்பி வந்துவிட்டது. டேப் ஏ9-ஐ எடுத்தார்கள்: 4 ஜி.பி. ரேம், 64 ஜி.பி. சேமிப்பு, சிம் இல்லாத வைஃபை வகை, 12,999 ரூபாய்.

ரேம் பற்றி ஒரு எச்சரிக்கை. நல்ல பிராண்டுகளே "4 + 4" என்று போட்டு 8 ஜி.பி. என்று விளம்பரம் செய்கிறார்கள். இரண்டாவது 4, சேமிப்பிடத்திலிருந்து கடன் வாங்கியது. வேகத்தில் உண்மையான ரேமுக்கு அது ஈடாகாது. முதல் எண்ணை மட்டும் கணக்கில் எடுங்கள். சின்னப் பிள்ளைக்கு 4 போதும், 3-ல் சமாளிக்கலாம், 2 வேண்டாம். சேமிப்பில் 32 ஜி.பி.யை வாங்கினால் ஆண்ட்ராய்டும் அதன் அப்டேட்டும் பாதியை எடுத்துக்கொள்ளும். ஒரு வருடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும்.

சிம் இல்லாத வகையை வற்புறுத்திச் சொன்னோம். பெரியவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டால்தான் இணையம் என்பது, எந்தச் செயலியும் தர முடியாத கட்டுப்பாடு. சர்வீஸ் சென்டர் மதுரையில் இருக்கிறதா என்பதை நிறுவனத்தின் தளத்தில் பார்த்து உறுதி செய்த பிறகே பணம் கட்டினார்கள். திரை உடைவது வாரண்டியில் வராது. திரையும் கூலியும் சேர்ந்து கருவி விலையில் பெரும் பங்கைத் தின்றுவிடும், ஆகவே உறையில் மிச்சம் பிடிக்கக் கூடாது.

உறை 750 ரூபாய், 64 ஜி.பி. மெமரி கார்டு 500, திரைக்கு 250. திரைக்குக் கடையில் டெம்பர் ஒட்டித் தரப் பார்த்தார்கள். சின்னப் பிள்ளைக்கு டெம்பர் கண்ணாடி வேண்டாம் என்பது எங்கள் கருத்து: மூலையில் விரிசல் விட்டால் பிள்ளை அதை நகத்தால் நோண்டும், சில்லு விரலில் ஏறும், வாய்க்கும் போகும். வளையும் மேட் பிலிம் ஒட்டினால் விளக்கு வெளிச்சம் திரையில் எதிரொளிப்பதும் குறையும். கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை.

உறை வாங்கும்போது கருவியைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பாருங்கள். டவுன்ஹால் ரோட்டுக் கடைகளில் "எல்லா எட்டு இஞ்சுக்கும் சேரும்" என்று கொடுக்கும் உறை, ஸ்பீக்கர் துளையை மூடிவிடும், இல்லையென்றால் பவர் பொத்தானை அழுத்தியபடியே பிடிக்கும். பொத்தான் அழுந்தியே இருந்தால் டேப்லெட் தானாக அணைந்து அணைந்து எரியும். அதைப் பழுது என்று நினைத்து சர்வீஸுக்குக் கொண்டுபோவார்கள்.

குழந்தை கையில் கொடுப்பதற்கு முன்

பெட்டியைப் பிரித்ததும் குழந்தையிடம் கொடுத்துவிட்டால், பிறகு பூட்டுப் போடும்போது இருந்ததைப் பறிப்பதாகத்தான் அதற்குத் தோன்றும். முழுதாகத் தயார் செய்துவிட்டுக் கொடுக்க வேண்டும்.

முதல் நாள் அப்டேட்டே சில ஜி.பி. வரும். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. திட்டத்தில் ஹாட்ஸ்பாட் போட்டால் பாதியில் நின்று, கருவி அரைகுறையாகக் கிடக்கும். கே.கே. நகரில் உறவினர் வீட்டு ஃபைபர் இணைப்பில் ஒரு பகல் முழுக்க வைத்து அப்டேட், செயலிகள், கதைகள் எல்லாவற்றையும் இறக்கினார்கள்.

அம்மாவின் போனில் பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியான கூகுள் ஃபேமிலி லிங்க்கை நிறுவி, அதன் வழியாகக் குழந்தைக்குத் தனிக் கணக்கு. பிறந்த வருடத்தை உள்ளபடி கொடுக்க வேண்டும். "சீக்கிரம் முடியட்டும்" என்று பெரிய வயது போட்டால் கட்டுப்பாடுகள் பொருந்தாது. டேப்லெட்டில் அந்தக் கணக்கு மட்டும் இருக்க வேண்டும். அப்பாவின் கணக்கையும் "சும்மா இருக்கட்டும்" என்று சேர்த்தால், பூட்டிய வீட்டுக்குக் கொல்லைக் கதவு திறந்துவிட்டது போலாகும்.

பிறகு ஃபேமிலி லிங்க்கில்: எந்தச் செயலி இறக்கவும் அம்மா அனுமதி, பணம் செலுத்தவும் அனுமதி, வயதுத் தரம் 3+, குரோமில் அனுமதித்த தளம் மட்டும். தினசரி வரம்பு 40 நிமிடம். ஒரு மணி என்பது உச்ச வரம்பு, நிரப்ப வேண்டிய அளவு இல்லை, டி.வி.யும் கணக்கில் உண்டு. மாலை 6:30 முதல் மறுநாள் காலை வரை முழுப் பூட்டு.

யூடியூப் செயலியை முடக்கிவிட்டு யூடியூப் கிட்ஸ். அதற்குள்ளும் "நானே அனுமதித்தவை மட்டும்" என்ற முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வயதை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டால் செயலியே தேர்ந்தெடுத்த வீடியோக்கள் வரிசைகட்டும். அனுமதித்தவை மட்டும் என்றால் தேடல் பெட்டியே காணாமல் போகும். ஆட்டோபிளேயை நிறுத்தினார்கள்.

முகப்புத் திரையில் ஐந்து படம் மட்டும்: ரீட் அலாங், கான் அகாடமி கிட்ஸ், ஜீகாம்ப்ரி, யூடியூப் கிட்ஸ், கேமரா. ரீட் அலாங்கில் பிள்ளை வாய்விட்டுப் படிக்க, கருவி கேட்டுத் திருத்தும்; தமிழ் உண்டு, கதையை இறக்கி வைத்தால் இணையமும் வேண்டாம். உறை மைக் துளையை மூடாமல் இருப்பது இதற்குத்தான் முக்கியம். கான் அகாடமி கிட்ஸ் ஆங்கிலம்தான், ஆனால் விளம்பரமே இல்லை. கல்வி விளையாட்டுகளின் தொகுப்பான ஜீகாம்ப்ரியும் இலவசம், இணையமில்லாமல் ஓடும்.

ஹெட்போன் கொடுக்கவில்லை. ஸ்பீக்கரில் கேட்டால் என்ன ஓடுகிறது என்று அடுப்படியில் இருக்கும் அப்பத்தாவின் காதிலும் விழும். சாம்சங்கில் ஒலி செட்டிங்ஸில் மீடியா ஒலிக்கு உச்ச வரம்பு வைத்துப் பின் நம்பர் போட முடியும், வைத்தார்கள்.

இடறிய இடங்கள்

கருவியும் பூட்டும் சரியாக இருந்தும் முதல் வாரம் வீட்டில் அழுகை. காரணம், கட்டுப்பாடு எல்லாம் அம்மாவின் போனில் இருந்தது. அம்மாவின் போன் மில்லின் லாக்கரில் இருந்தது. பிள்ளை ஏதாவது கேட்டால் அனுமதி கோரி ஒரு செய்தி போகும். ஷிப்ட் முடியும் வரை பதில் வராது. எதிரில் உட்கார்ந்திருக்கும் அப்பத்தாவால் ஒன்றும் செய்ய முடியாது. இப்படிப்பட்ட வழிகாட்டுதல்கள் பெற்றோரை மனதில் வைத்தே எழுதப்படுகின்றன. பகலில் பிள்ளையோடு இருப்பவர் யார் என்று கேட்டு, அவர் கைக்கு எட்டும்படி பூட்டை அமைக்க வேண்டும். இந்த ஆய்வில் எங்களுக்கு முக்கியமாகப் பட்டது இதுதான்.

மாற்றியது இப்படி. புதிய செயலி கேட்கும் வழியே இருக்கக் கூடாதென்று பிளே ஸ்டோர் படம் கண்ணில் படாதபடி மறைத்தார்கள். வேண்டியதெல்லாம் இறக்கி வைத்திருப்பதால் பகலில் ஹாட்ஸ்பாட்டே தேவையில்லை. யூடியூப் கிட்ஸ் அப்பா வீட்டில் இருக்கும் நாளில், அவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். அப்பத்தாவுக்குச் சொல்லிக் கொடுத்தது இரண்டே வேலை: மேசையில் ஸ்டாண்டில் வைப்பது, பூட்டியதும் எடுத்து அலமாரியில் வைப்பது. நேரம் முடிந்ததும் கருவி தானாகப் பூட்டிக்கொள்ளும். "நான் வாங்கி வச்சா எம்மேல கோவம். அதுவா பூட்டிக்கிருச்சுன்னா சத்தமில்லாம வந்து சோத்துக்கு ஒக்காருறா" என்றார் அவர்.

அடுத்த சிக்கல் டேப்லெட்டைத் திறக்கும் பின் நம்பர். அவசரத்துக்கு இருக்கட்டும் என்று அம்மா அப்பத்தாவிடம் சொல்லி வைத்திருந்தார். "அத்தை, அவ பாக்காதப்ப போடுங்க" என்றும் சொல்லியிருந்தார். நான்கு இலக்கத்தை விரல் போகும் தடத்தை வைத்தே பிள்ளை பிடித்துவிட்டாள். இந்த வயதில் எண் தெரியாவிட்டாலும் தடம் தெரியும். ஃபேமிலி லிங்க்கில் பெற்றோர் அணுகல் குறியீடு என்று ஒன்று, அம்மாவின் போனில் நேரத்துக்கு நேரம் மாறிக்கொண்டே இருக்கும். இணையம் இல்லாமலும் வேலை செய்யும். இனி அது மட்டும் என்று ஏற்பாடு.

பக்கப் பொத்தானை நீண்ட நேரம் அழுத்தினால் கூகுள் அசிஸ்டன்ட் விழித்துக்கொள்வதைப் பிள்ளை தற்செயலாகக் கண்டுபிடித்தாள். அதில் கேட்டால் எதையெதையோ காட்டும். அதை முடக்கினார்கள். கேமரா நிறையப் படம் எடுத்துச் சேமிப்பை அடைத்தது. கேமரா அமைப்பில் சேமிக்கும் இடத்தை மெமரி கார்டுக்கு மாற்றியதோடு சரி. அந்தப் படங்களை நிறுத்தச் சொல்லவில்லை. கோழி, வைக்கோல் படப்பு, அப்பத்தாவின் கால் என்று அவள் எடுத்தவை, அந்த 40 நிமிடத்தில் அவள் செய்த மிக நல்ல வேலை.

வெயிலும் சார்ஜும்

மதுரைப் பக்கத்துக் கோடைக்கு இது தனியாகச் சொல்ல வேண்டியது. டேப்லெட்டுகள் பொதுவாக 35 டிகிரி வரையிலான சூழலுக்கு வடிவமைத்தவை. ஏப்ரல், மே மாதத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே மத்தியானம் அதைத் தாண்டிவிடும். தடித்த உறையோடு, கட்டில் மெத்தை மேல், சார்ஜில் போட்டபடி விளையாடினால் சூடு வெளியேற வழியே இல்லை. லித்தியம் பேட்டரி வேகமாகக் கெடும், உப்பவும் செய்யும். திரையின் ஓரம் ஒரு பக்கம் லேசாகத் தூக்கியிருந்தால், அல்லது மேசையில் வைக்கும்போது கருவி ஆடினால், உடனே அணைத்து, அழுத்தாமல், குத்தாமல் சர்வீஸுக்குக் கொண்டுபோக வேண்டும்.

இந்த வீட்டில் சார்ஜ் காலையில், குழந்தை பள்ளிக்குப் போன பிறகு, சிமென்ட் தரையில், உறையைக் கழற்றி. நாளுக்கு 40 நிமிடப் பயன்பாட்டுக்கு 5,100 எம்.ஏ.எச். பேட்டரி பல நாள் தாங்கும்; அன்றாடம் சார்ஜ் போடவே தேவையில்லை. 80 சதவீதத்தில் எடுத்துவிடச் சொன்னோம். டைப்-சி துளையில் மணலும் பஞ்சும் ஏறிச் சார்ஜ் விட்டுவிட்டு ஏறினால், அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் மெல்ல எடுக்கலாம்; ஊசி கூடாது.

இப்போதைய நிலை

கண்ணிலிருந்து திரைக்கு அரை மீட்டர் என்பது மேசையில் ஸ்டாண்டில் வைத்தால் தானாகவே வந்துவிடுகிறது. கட்டிலுக்கு எடுத்துப் போகும்போது மட்டும் பழைய பழக்கம் திரும்புகிறது. ஆகவே கட்டிலில் டேப்லெட் இல்லை என்பது வீட்டு விதி. கிட்டப்பார்வை வராமல் காக்க வெளியில் விளையாடுவது உதவும் என்பதற்கு நல்ல ஆதாரம் உண்டு, அதனால் 40 நிமிடம் பொழுது சாயும் வேளையில் வராதபடி, பள்ளி விட்டு வந்து சாப்பிட்டதும் வைத்து முடித்துவிடுகிறார்கள்.

ஒன்றாம் வகுப்புக்குப் போன பிறகு ரீட் அலாங்கை அவளாகவே திறக்கிறாள். மற்ற நான்கில் இரண்டை நீக்கிவிட்டார்கள். தினசரி வரம்பைக் கூட்டவில்லை. உறையின் ஒரு மூலை கிழிந்து மாற்ற வேண்டியிருக்கிறது. முதல் டேப்லெட்டை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதிலிருந்த வைஃபை கடவுச்சொல்லை வீட்டில் மாற்றி, கருவியை மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுத்தாயிற்று. அதை வேறு யாருக்கும் விற்க வேண்டாம் என்று சொன்னோம், கேட்டுக்கொண்டார்கள்.